வீட்டுக் குப்பை முதலில், தெருக் குப்பை அப்புறம்: மாணவர்களோடு ஆய்வு நடத்த முழுமையான வழிகாட்டி

இருபது, இருபத்தைந்து மாணவர்கள், ஒரு தெரு, இரண்டு வாரம். முதல் தடவை இதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். திருநெல்வேலியில் பாளையங்கோட்டை, மேலப்பாளையம் பக்கம் சில வருடங்களாக இதைச் செய்து பார்த்ததில் வரிசை தவறினால் எல்லாமே தவறும் என்று தெரிந்தது.

முதல் வருடம் நாங்கள் நேராகத் தெருவில் இறங்கினோம். பிள்ளைகள் திரும்பி வந்து எழுதிய முடிவு ஒரே வரிதான்: "இந்தத் தெருக்காரங்க சரியில்ல சார்." மறு வாரம் அவரவர் வீட்டுக் குப்பையைக் கொட்டிப் பார்த்தால் அதே பிஸ்கட் கவர், அதே ஷாம்பு பாக்கெட். அதற்குள் தெருவில் நாலு வீட்டாரோடு மனஸ்தாபம் ஆகியிருந்தது. அதனால்தான் இப்போது வீட்டை முடிக்காமல் தெருவுக்குப் போவதில்லை.

1. கேள்வியைச் சுருக்குங்கள்

"எங்கள் ஊரில் குப்பைப் பிரச்சினை" என்பது கட்டுரைப் போட்டித் தலைப்பு. அதை வைத்து எதையும் எடை போட முடியாது. கேள்வி இப்படி இருக்க வேண்டும்: "எங்கள் தெருவில் கிடப்பதில் வீட்டிலிருந்து வருவது எவ்வளவு, கடையிலிருந்து வருவது எவ்வளவு?" அல்லது "குப்பை வண்டியில் போடாமல் எங்கள் வீடுகள் ஒரு வாரத்தில் வேறு வழியில் தள்ளுவது எவ்வளவு?"

ஒன்றே ஒன்று போதும். எதை எண்ணுவது, எதை விடுவது என்பதெல்லாம் இந்தக் கேள்வியிலிருந்துதான் வரும். கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, முடிகிற வரைக்கும் அழிக்காமல் வையுங்கள்.

2. நாள் பார்ப்பது

நல்ல நாள் பார்க்கச் சொல்லவில்லை, சாதாரண நாளாகப் பாருங்கள் என்கிறேன். கோயில் கொடை (திருவிழா) நடக்கிற வாரம் வேண்டாம். வாழை இலையும் காகிதத் தட்டும் சேர்ந்து கணக்கைக் குலைத்துவிடும். பொங்கல், தீபாவளி வாரங்களும் அப்படியே.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த அட்டைப்பெட்டி காய்ந்ததைவிடப் பல மடங்கு கனக்கும். ஆடிக் காற்றில் கவர்கள் எல்லாம் பறந்து உடைமரத்து முள்ளில் தொங்கும். எந்தக் கடை வாசலில் விழுந்தது என்று சொல்லவே முடியாது. எங்களுக்குத் தை பிற்பாதியும் மாசியும்தான் ஒத்துவந்தன. தேர்வு அட்டவணையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, தெருவைக் கூட்டுவது எத்தனை மணிக்கு, வண்டி வருவது எத்தனை மணிக்கு என்று தூய்மைப் பணியாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். இதைக் கேட்காமல் ஒரு நாள் காலை எட்டரைக்குப் போய் நின்றோம். ஏழு மணிக்கே கூட்டிப் பெருக்கி, தெரு கண்ணாடி மாதிரி இருந்தது.

3. கையில் வேண்டியவை

தராசு இரண்டு வேண்டும். சாக்கைக் கொக்கியில் மாட்டித் தூக்குகிற டிஜிட்டல் தராசு ஒன்று, சமையலறைத் தராசு ஒன்று. பெரிய தராசில் ஷாம்பு பாக்கெட்டை வைத்தால் பூஜ்யம்தான் காட்டும்.

கனமான ரப்பர் கையுறை (மெல்லிசான ஆஸ்பத்திரிக் கையுறையைப் பிளேடு கிழித்துவிடும்), நீளக் கைப்பிடி இடுக்கி, தார்ப்பாய், கழுவிக் காயவைத்த உரச்சாக்குகள், பத்து மீட்டர் கயிறு, சோப்பு, முதலுதவிப் பெட்டி. காலுக்கு ஷூ. செருப்போடு வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்ப மனம் வராது, ஆனால் அனுப்பத்தான் வேண்டும். எழுதுவதற்குப் பேனா வேண்டாம், பென்சில் கொடுங்கள். ஈரக் கை பட்டால் மை கலங்கிவிடும்.

தாளில் வேண்டியவை: தலைமை ஆசிரியர் அனுமதி, பெற்றோர் ஒப்புதல், வார்டு அலுவலகத்துக்கோ ஊராட்சிக்கோ ஒரு தகவல் கடிதம். பெற்றோர் கடிதத்தில் பிள்ளைக்கு டிடி (ரண ஜன்னித் தடுப்பு) ஊசி போட்டிருக்கிறதா என்ற கேள்வியையும் சேருங்கள்.

பிள்ளைகள் தொடவே கூடாதவை சில உண்டு. ஊசி, சிரிஞ்சு, ரத்தம் பட்ட பஞ்சு, உடைந்த பாட்டில், டியூப்லைட், பூச்சிமருந்து டப்பா, செத்த பிராணி, கட்டிப் போட்ட அடையாளம் தெரியாத மூட்டை. 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கேரளத்திலிருந்து கொண்டுவந்து கொட்டிய மருத்துவக் கழிவை, பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு அந்த மாநிலமே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது நம் ஊர்க்காரர்களுக்கு மறந்திருக்காது. அந்த மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் வேலையை நிறுத்திவிட்டுத் தள்ளி நின்று, ஆசிரியரைக் கூப்பிட வேண்டும். இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் மட்டும் போதாது. ஒரு தடவை நடித்துக் காட்டச் செய்யுங்கள்.

4. வகைப் பட்டியல்

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டுக் குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொன்னன: மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டிலிருந்து வரும் அபாயகரமான குப்பை. தொட்டி வைக்க அது போதும். ஆய்வுக்குப் போதாது. "மக்காதது 3 கிலோ" என்று எழுதினால் அதிலிருந்து அடுத்த கேள்வி பிறக்காது.

நாங்கள் வைத்துக்கொள்கிற வகைகள் இவை: சமையல் மிச்சம், இலை, சருகு, பூ, காகிதம், அட்டை, பாட்டில், டப்பா மாதிரி கெட்டி பிளாஸ்டிக், கவர், கேரி பேக், பளபளக்கும் பாக்கெட் (ஷாம்பு, சிப்ஸ், பிஸ்கட்), கண்ணாடி, தகரம், துணி, ரப்பர், பேட்டரி, பல்பு, காலாவதி மாத்திரை, கடைசியாகத் தூசி, மண்.

தூசிக்குத் தனி வரி ஏன் என்று கேட்பார்கள். வீடு கூட்டிய மண் ஒரு முறம் இருந்தால் ஒரு வாரத்துக் கவர்களைவிட அது கனக்கும். அதை "மற்றவை" என்று தள்ளினால் அந்த "மற்றவை"தான் முதலிடம் பிடிக்கும். எங்களுக்கு ஒரு வருடம் அதுதான் நடந்தது.

நம் பக்கத்துக்கென்று சில சிக்கல்கள் உண்டு. மேலப்பாளையம், முக்கூடல் போன்ற ஊர்களில் பீடி சுற்றும் வீடுகளில் இலை வெட்டிய துண்டுகள் நிறைய விழும். இலையை நனைத்து வெட்டுவதால் அன்றைக்கே நிறுத்தால் எடை ஏறும், மறுநாள் இறங்கும். அது வீட்டுக் குப்பையா, தொழில் குப்பையா? நாங்கள் தனி வரி போட்டோம். டீக்கடைக் காகிதக் கப் காகிதமா, பிளாஸ்டிக்கா? உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலிலும் அது இருக்கிறது. ஆகவே தடைப் பொருள் என்று ஒரு நட்சத்திரக் குறி போட்டு, பிளாஸ்டிக்கில் சேர்த்தோம்.

உங்கள் தீர்மானம் வேறாக இருக்கலாம், பரவாயில்லை. ஆனால் முடிவெடுத்த அன்றைக்கே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் திங்கட்கிழமை காகிதமாக இருந்த கப் வியாழக்கிழமை பிளாஸ்டிக் ஆகிவிடும்.

5. சொந்த வீட்டில் ஏழு நாள்

இதுதான் மொத்த ஆய்வின் முதுகெலும்பு. அவசரப்படாதீர்கள்.

வீட்டுக்கு ஒரு வாளி, ஒரு சாக்கு. வாளியில் சமையல் மிச்சம், சாக்கில் காய்ந்தது. வெறும் வாளியின் எடையை முதல் நாளே எடுத்து, வாளியின் மேலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும். புதியவர்கள் செய்கிற தப்புகளில் முதலிடம் இதற்குத்தான். வாளி எடையைக் கழிக்க மறந்து, ஒரு பையன் வீட்டில் ஏழு நாளும் குப்பை ஒரு கிலோவுக்குக் குறையவே இல்லை.

ஈரக் குப்பையைத் தினமும் ஒரே நேரத்தில், வண்டி வருவதற்கு முன்னால் நிறுக்க வேண்டும். வடித்த கஞ்சியும் புளிச்ச மோரும் வாளியில் சேரக் கூடாது. காய்ந்த குப்பையைத் தினமும் நிறுக்க வேண்டாம். நாளொன்றுக்குச் சேர்வது சில கிராம்தான், தராசின் பிழையே அதைவிடப் பெரிது. ஏழு நாளும் சாக்கில் சேர்த்து ஒரே தடவை நிறுத்தால் போதும். கவரைக் கழுவி, உதறிக் காயவைத்துப் போடச் சொல்லுங்கள். பால் கவரில் ஒட்டிய பால் இரண்டாம் நாளே எறும்பைக் கூப்பிடும்.

அப்புறம், எல்லாரும் மறக்கிற ஒரு வரி இருக்கிறது: "வாளிக்கு வராதது". மாட்டுத் தொட்டிக்குப் போன காய்கறித் தோல், ஆடு தின்ற வாழைப்பழத் தோல், தென்னை மூட்டில் கொட்டிய சருகு, கொளுத்திய காகிதம், பழைய இரும்புக் கடைக்கு எடுத்து வைத்த பாட்டில், வாய்க்காலில் போட்ட பூமாலை. இதை நிறுக்க முடியாது. எத்தனை கை, எத்தனை முறம் என்று குறித்தால் போதும்.

இந்த வரி எவ்வளவு முக்கியம் என்று ஒரு மாணவியின் தாளைப் பார்த்துத்தான் எனக்கே புரிந்தது. ஏழு பேர் உள்ள வீடு, ஈரக் குப்பை ஏழு நாளும் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பிள்ளை எழுதவில்லை என்று நினைத்துக் கேட்டேன். "இல்ல சார், ஆச்சி ஆட்டுக்குப் போட்ருதா. வெங்காயத் தோலு மட்டும்தான் மிஞ்சும், அத ரோசாச் செடிக்குப் போட்ருதா" என்றாள். அதே தாளில் கீழே, "கொளுத்தியது: தினமும் ஒரு முறம், கவரும் சேர்த்து" என்று இருந்தது. எடையை மட்டும் பார்த்திருந்தால் ஊரிலேயே குப்பை குறைந்த வீடு என்று அதற்குப் பரிசு கொடுத்திருப்பேன்.

வீட்டு மானம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குப்பையைக் கொட்டினால் வீடே தெரிந்துவிடும். மாத்திரை அட்டை, மதுப் பாட்டில், கடன் நோட்டீஸ் எல்லாம் அதில்தான் இருக்கும். ஒரு பையன் ஏழாம் நாள் சாக்கே கொண்டுவரவில்லை. எலி கிழித்துவிட்டது என்றான். அப்புறம் தனியாகச் சொன்னான், அதில் அவன் அப்பா குடித்த பாட்டில்கள் இருந்தன என்று. தப்பு அவன் மேல் இல்லை. முன்கூட்டியே வழி சொல்லிவைக்காத என் மேல்தான்.

இப்போது முதல் நாளே மூன்று விஷயம் சொல்லிவிடுகிறேன். வெளியே காட்ட விரும்பாததை வீட்டிலேயே நிறுத்து, எடையை மட்டும் எழுதலாம். நாப்கின், டயப்பரைத் தாளில் சுற்றிப் பொட்டலமாகவே நிறுக்கலாம், சாக்கில் போடக் கூடாது, யாரும் பிரிக்கக் கூடாது. சாக்கில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்கிற தாள் ஆசிரியரின் மேஜைக்குள் இருக்கட்டும்.

6. பள்ளியில் ஒரு மத்தியானம்

எட்டாம் நாள் சாக்குகள் பள்ளிக்கு வரும். மரத்தடியில் தார்ப்பாயை விரித்து, குழுவுக்கு நாலு சாக்கு வீதம் பிரிக்கச் செய்யுங்கள். தார்ப்பாய்க்குள் சோற்றுப் பையோ தண்ணீர் பாட்டிலோ கூடாது.

இங்கே எடையோடு எண்ணிக்கையும் வேண்டும். பளபளக்கும் பாக்கெட் எடையில் கடைசியில் நிற்கும், எண்ணிக்கையில் முதலில் வரும். ஐம்பது பாக்கெட்டைச் சேர்த்து நிறுத்து, ஐம்பதால் வகுத்தால் ஒன்றின் எடை கிடைத்துவிடும். எடையை மட்டும் எழுதுகிற குழு "எங்கள் வீடுகளில் பிளாஸ்டிக் குறைவு" என்று முடித்துவிடும். எண்ணிக்கையை மட்டும் எழுதுகிற குழுவின் கணக்கில் நாலு தேங்காய்ச் சிரட்டை காணாமல் போகும்.

7. தெருவில் இறங்குவது

நூறு மீட்டர் போதும். பத்து மீட்டர்க் கயிற்றைப் பத்து தடவை வைத்து அளந்து, ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் சுவரோரம் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். இந்தப் பத்துத் துண்டுகளில் பெட்டிக்கடை எங்கே, முடுக்கு (சந்து) எங்கே, காலி மனை எங்கே, வாருகால் (சாக்கடை) எங்கே திறந்திருக்கிறது என்று ஒரு படம் வரைந்துகொள்ள வேண்டும். படம் இல்லாமல் எண்ணினால் "தெருவில் 412 துண்டு" என்று ஒரு எண் மட்டும் மிஞ்சும். எங்கே குவிகிறது என்பதுதான் நமக்கு வேண்டிய பதில்.

முதல் நாள் எண்ணாதீர்கள். முழுவதும் பொறுக்கி எடுத்து, தெருவைச் சுத்தமாக விட்டுவிட்டு வாருங்கள். நேற்று விழுந்த கவரும் போன வருடக் கவரும் ஒன்றாகக் கிடக்கும்போது, ஒரு நாளில் விழுவது எவ்வளவு என்று கண்டுபிடிக்க முடியாது. மறுநாள் அதே நேரத்தில் போனால் அங்கே கிடப்பது இருபத்துநாலு மணி நேரக் குப்பை. இப்படி மூன்று நாள், அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். கறிக்கடைக் கூட்டத்தால் அன்றைக்குக் கணக்கே மாறும். அந்த மூன்று நாளும் நாங்கள் எண்ணி முடிக்கிற வரை கூட்ட வேண்டாம் என்று தூய்மைப் பணியாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

எண்ணுகிற விதிகளும் முன்கூட்டியே வேண்டும். கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னது கணக்கில் இல்லை. கிழிந்த கவர் எத்தனை துண்டானாலும், ஒரே இடத்தில் கிடந்தால் ஒன்று. வாருகாலுக்குள் கிடப்பதைப் பார்த்து எழுதலாம், கையை விட்டு எடுக்கக் கூடாது. தண்ணீர் தேங்கிய சிரட்டை, டயர், கப் என்றால் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். டெங்கு பரப்பும் கொசு முட்டையிடுவது அதில்தான். அந்தப் புள்ளிகளை மட்டும் அன்றைக்கே சுகாதார ஆய்வாளருக்குச் சொல்லிவிடலாம், அறிக்கை வரை காத்திருக்க வேண்டாம்.

நாலு பேர் கொண்ட குழுவில் ஒருவர் பொறுக்க, ஒருவர் சாக்கைப் பிடிக்க, ஒருவர் எழுத, நாலாமவர் தெருவில் வாகனம் ஏதும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நாலாமவர் வேலையை எந்தப் பிள்ளையும் விரும்பாது. மாற்றி மாற்றிக் கொடுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள்.

8. ஆட்களிடம் பேசுவது

எண்ணி முடித்த பிறகுதான் பேச்சு. முன்னாலேயே பேசினால் தெரு மூன்று நாளைக்கு நல்ல பிள்ளையாகிவிடும்.

யாரிடம் என்றால், முதலில் கூட்டுகிற அக்காவிடம். எந்த மூலையில் எந்த நேரத்தில் குப்பை விழும் என்று அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. ஊராட்சியாக இருந்தால் தூய்மைக் காவலர். அப்புறம் பெட்டிக்கடை அண்ணாச்சி, பழைய இரும்புக் கடைக்காரர். எதை வாங்குவார், எதை வாங்க மாட்டார் என்று இரும்புக் கடையில் கேட்டால், தெருவில் ஏன் பாட்டில் குறைவு, பாக்கெட் அதிகம் என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

கேட்கிற விதம் முக்கியம். "குப்பையைப் பிரிச்சுப் போடுறீங்களா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "நேத்து வண்டி வந்தப்ப நீங்க வீட்ல இல்லன்னா குப்பைய என்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். ஒரு வீட்டில் ஒரு மதினி சிரித்துக்கொண்டே, "என்ன செய்ய, பின்னால கால்வாய்தான" என்றார். எங்கள் கேள்விக்கான பதில் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. குப்பையை வண்டியில் போடுகிற மனசு எல்லாருக்கும் இருக்கிறது, வண்டி வரும் நேரத்தில் வீட்டில் ஆள்தான் இல்லை.

படம் எடுக்க வேண்டும் என்றால் குப்பையை மட்டும் எடுங்கள். வாசலும் கதவு எண்ணும் முகமும் படத்தில் வரக் கூடாது.

9. கணக்கு

வீட்டுக்கு வீடு ஒப்பிடாதீர்கள், தலைக்கு ஒப்பிடுங்கள். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஏழு நாளில் 9.1 கிலோ ஈரக் குப்பை என்றால், 9.1 ÷ 35 = 0.26. அதாவது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 260 கிராம். விருந்தாளி வந்த நாளில் தலையையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது சராசரி என்னும் குழி. ஐந்து வீடுகளின் காய்ந்த குப்பை தலைக்கு 40, 50, 55, 60, 295 கிராம் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 100. ஆனால் நூறு கிராமுக்குப் பக்கத்தில் ஒரு வீடும் இல்லை. கடைசி வீட்டில் சடங்கு நடந்திருக்கும். வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் 55ஐச் சொல்வதே உண்மைக்குப் பக்கம். இடைநிலை என்று கணக்குப் புத்தகத்தில் படித்தது எதற்கு என்று பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கூடவே, இருபது வீட்டுக் கணக்கைத் திருநெல்வேலி மாநகராட்சியின் 55 வார்டுக்கும் பெருக்கி "மாநகராட்சி முழுக்க இவ்வளவு டன்" என்று எழுத யாராவது கிளம்புவார்கள். விடாதீர்கள். உங்களிடம் இருப்பது ஒரு தெருவின் கணக்கு.

10. எங்கே போய்ச் சொல்வது

முதலில் அந்தத் தெருவில். கணக்குக் கொடுத்த வீட்டுக்காரர்கள் பத்திரிகைச் செய்தியாகவோ அதிகாரி வாய்வழியாகவோ அதைத் தெரிந்துகொண்டால் அடுத்த வருடம் கதவு திறக்காது. ஒரு சார்ட், ஒரு படம், சாயங்காலம் அரை மணி நேரம் போதும்.

அப்புறம் உள்ளாட்சி. ஊராட்சி என்றால் கிராம சபை. நம் மாநிலத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாள் கூடுகிறது. மாசியில் ஆய்வு முடிந்தால் மார்ச் 22 கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். மாநகராட்சிக்குள் என்றால் வார்டு உறுப்பினர், மண்டல அலுவலகம்.

கோரிக்கை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். முதல் வருடம் நாங்கள் பதினோரு கோரிக்கை எழுதிக் கொடுத்தோம். பெற்றுக்கொண்டோம் என்று கையெழுத்துப் போட்டார்கள், அதோடு சரி. அடுத்த தடவை, மதினி சொன்னதை வைத்து, வண்டி வரும் நேரத்தை அரை மணி முன்னால் மாற்ற முடியுமா என்று மட்டும் கேட்டோம். பக்கத்தில் எந்தப் பத்து மீட்டரில் எவ்வளவு விழுகிறது என்கிற படம். மேற்பார்வையாளர் அங்கேயே போனை எடுத்து ஓட்டுநரிடம் பேசினார்.

பிரித்து வைத்த சாக்குகள் பள்ளியிலேயே கிடந்தால் எலி வரும். விற்பனைக்கு ஆவதை மறுநாளே இரும்புக் கடையில் போட்டுவிட்டு, மிச்சத்தை வண்டியில் ஏற்றுங்கள். விற்ற காசில் எங்களுக்கு வந்தது இரண்டு ஜோடிக் கையுறை. பாக்கெட் சாக்கை மட்டும் கடைக்காரர் தராசில்கூட வைக்காமல் திருப்பிக் கொடுத்தார். பிள்ளைகள் அவர் முகத்தையும் சாக்கையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த வருடக் கேள்வியை அங்கேயே நோட்டில் எழுதிக்கொண்டோம்.